காயப் புத்தகம்

எங்கள் நண்டுப் பக்டரிக்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கப் போகிறார்களாம். "அக்கா, நீங்களும் ஒண்டு எழுதித் தாங்கோ. ஒரே குழுவா நிண்டு பற்றோட வேலை செய்யிறது எப்பிடி எண்டு. அரைப் பக்கம் காணும்" என்று இப்போதைய சுப்பவைசர் நிரோஜினி தொலைபேசியில் கேட்டாள். நான் பிறந்த நாள் முதல் எதையும் அரைப் பக்கத்தில் சொன்னவளில்லை. அவள் வெட்டுவதை வெட்டட்டும், நான் எழுதுவதை எழுதுகிறேன்.

இப்போது பக்டரியில் இதற்கென்று பயிற்சி வகுப்பு நடக்கிறதாம். கொழும்பிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து, எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, பலூன் ஊதி, கை கோத்து விளையாட வைக்கிறாராம். பலூனோடு எனக்குக் கோபமில்லை. ஆனால் எங்களை ஒன்றாக்கியது ஒரு கண் மருந்துக் குழாய். ஒன்றாக்குவதற்கு முதல் அது பக்டரியையே இழுத்து மூடப் பார்த்தது. அந்தக் கதையைச் சொன்னால் நிரோஜினி கேட்டதற்கு மறுமொழி தானாக வரும்.

என் பெயர் பிலோமினா. ஊர் பேசாலை. போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். என் குரலைப் பற்றி ஊரில் கேட்டால் சொல்வார்கள். கரையில் நின்று நான் கூப்பிட்டால் வள்ளத்தில் போகிறவன் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல்தான் என்னைச் சுப்பவைசர் ஆக்கியது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். வேலை பழகிய கதையை நீட்ட மாட்டேன். முதல் மாதம் கை முழுக்கப் புண், மூன்றாம் மாதம் பாதிப் புண், ஆறாம் மாதம் பக்கத்திலிருப்பவளோடு கதைத்துக்கொண்டே உரித்தேன். நாலாம் வருடம் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிவிட்டு நீலத் தொப்பியைத் தந்தார்கள். நீலத் தொப்பி என்றால் இனி உரிக்கத் தேவையில்லை, கத்தினால் போதும்.

நண்டு உரிப்பதைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வள்ளங்களிலிருந்து வரும் நீல நண்டை முதலில் ஆவியில் அவிப்போம். ஆறியபின் அது உருக்கு மேசைகளுக்கு வரும். ஒரு மேசைக்கு ஆறு பெண்கள். இடது கையில் கையுறை, அது நண்டைப் பிடிக்க. வலது கை வெறுங்கை. சவர்க்காரத்தில் முழங்கைவரை கழுவி, குளோரின் தண்ணீரில் தோய்த்த வெறுங்கை. ஏனென்றால் சதைக்குள் ஒளிந்திருக்கும் ஓட்டுத் துணுக்கைக் கண்ணுக்கு முதல் விரல்தான் பிடிக்கும். நீந்துகிற காலின் அடியில் ஒரு முழுக் கட்டிச் சதை இருக்கிறது. அது உடையாமல் வந்தால் முதல் தரம், உடைந்தால் இரண்டாம் தரம். உரித்த சதையை ஐஸ் மேல் வைத்த தட்டில் போட்டு, நீல வெளிச்ச அறையில் துணுக்குப் பார்த்து, தகரப் பேணியில் அடைத்து மூடுவோம். ஒவ்வொரு பேணியின் அடியிலும் ஓர் இலக்கம். எந்த நாள், எந்த மேசை என்று அந்த இலக்கம் சொல்லும்.

நண்டு செத்தாலும் அதன் முள் சாகாது. நகக்கண்ணுக்குள் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே விண் விண் என்று இடிக்கும். அதைக் குளோரின் தண்ணீரில் தோய்த்தால் உயிர் போய் வரும். இப்போதெல்லாம் இரண்டு கைக்கும் உறை வந்துவிட்டது. அப்போது இல்லை.

காயத்துக்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். வைத்தவள் நான்தான். காலையில் வாசலில் ரோச் லைற்றோடு நிற்பேன். எல்லோரும் கையை மலர்த்தியும் கவிழ்த்தும் காட்ட வேண்டும். காயம் கண்டால் அப்படியே வீட்டுக்கு. அன்றைய சம்பளம் இல்லை. காயம் மாறும்வரை வரவும் கூடாது. சாப்பாட்டுச் சாமான் செய்கிற இடத்தில் இது சரியான சட்டம்தானே? அப்படித்தான் நானும் மார்தட்டிக்கொண்டேன். வாரத்துக்கு ஒருத்தி, இரண்டு வாரத்துக்கு ஒருத்தி என்றுதான் பிடிபட்டார்கள். "பாத்தீங்களோ, என்ர கண்டிப்பால காயமே குறைஞ்சிட்டு" என்று மனேச்சருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் என்னை நானே குட்டவேண்டும் போலிருக்கிறது.

மனேச்சர் சற்குணம் ஐயா பாப்பாமோட்டைக்காரர். வயற்காரக் குடும்பம். நண்டு தின்றால் உடம்பெல்லாம் தடித்து வீங்குகிற மனிதர் நண்டுப் பக்டரிக்கு மனேச்சராக வந்தது கடவுளின் பகிடி என்று நாங்கள் சிரிப்போம். மெலிந்த ஆள், மெதுவான நடை. கந்தோரில் அவருக்கு நல்ல கதிரை இருந்தது. ஆனால் உள்ளே வந்தால் ஒரு நண்டுப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில்தான் உட்காருவார். கை கழுவும் வரிசையில் எங்களோடு நிற்பார். கழுவும்போது இருபதுவரை வாய்க்குள் எண்ணுவார். அவருக்கு அவசரமென்று யாராவது வழி விட்டாலும் விலகி முன்னுக்குப் போக மாட்டார். ஏசமாட்டார். ஏதும் பிழை நடந்தால் உங்கள் முன்னால் வந்து சும்மா நிற்பார். நீங்கள் பொய்யைச் சொல்லி முடிப்பீர்கள், அவர் நிற்பார். பாதி உண்மையைச் சொல்வீர்கள், அப்போதும் நிற்பார். முழுவதும் வந்தபிறகுதான் "சரி" என்பார். எனக்கு அந்த மனிதரில் எரிச்சலாக வரும். ஒரு சத்தம் போட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற காரியத்துக்கு ஏன் இந்தத் தவம் என்று நினைப்பேன்.

என் சத்தத்துக்கு ஒரு பலன் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. பெண்கள் மூன்று மாதம்கூட நிற்கமாட்டார்கள். வருவார்கள், பழகுவார்கள், கை ஓடத் தொடங்கும் நேரம் வேலையை விட்டுவிடுவார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு வேலையில பற்றில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைச் சேர்த்துக்கொள்வேன். நின்று நிலைத்தது நாலாம் மேசை மட்டும்தான். அதில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி இருக்கும் ரெஜினா. எருக்கலம்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஜெசீமா. இன்னும் நாலு பேர். ரெஜினா அதிகம் கதைக்கமாட்டாள். அவளுக்கும் சேர்த்து ஜெசீமா கதைப்பாள். முதல் தரச் சதையில் பாதி அந்த ஒரு மேசையிலிருந்துதான் வரும்.

அப்படியிருக்க ஒருநாள் கொழும்பு முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. வெளிநாட்டில் எங்கள் சதையை வாங்குகிற கம்பனி பேணிகளைச் சோதித்ததில் ஒரு மருந்து இருந்ததாம். ஆஸ்பத்திரியில் மனிதருக்குக் கொடுக்கிற கிருமி மருந்து. சாப்பாட்டில் ஊசி முனையளவும் இருக்கக்கூடாத சாமான். அதன் பெயர் ஆங்கிலத்தில் ஒரு முழ நீளம். வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். "ரெண்டு கிழமை தாறன். எங்கயிருந்து வந்தது எண்டு கண்டுபிடிக்காட்டி பூட்டுத்தான்" என்று முதலாளி தொலைபேசியில் சொன்னது சற்குணம் ஐயாவின் காதைத் தாண்டி எனக்கும் கேட்டது. அங்கே எண்பது பெண்கள் வேலை செய்தார்கள். அரைவாசி வீடுகளில் அந்த வருமானம்தான் அடுப்பு எரித்தது.

கடிதத்தின் ஒரு பிரதியை உடுப்பு மாற்றும் அறைச் சுவரில் ஒட்டினேன். எல்லோரும் பயப்படட்டும் என்றுதான். பிறகு கிணற்றுத் தண்ணீர், ஐஸ், வெறும் பேணி, அவிக்காத நண்டு, அவித்த நண்டு எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினோம். எல்லாம் சுத்தம். அவித்த நண்டு மேசைக்கு வரும்வரை பழுதில்லை, பேணிக்குள் போனபின் பழுது. மருந்து கண்ட பேணிகளின் இலக்கத்தைப் பார்த்தோம். எல்லாம் நாலாம் மேசை.

அன்றைக்கு நான் செய்த வேலையை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆறு பேரையும் சுவரோரம் வரிசையில் நிறுத்தினேன். மற்ற மேசைகளெல்லாம் பார்க்கத்தக்கதாக, வேண்டுமென்றே. "ஆரடி சதைக்குள்ள மருந்து போட்டது? எண்பது பேற்ற வயித்தில அடிக்க உங்களில ஆருக்கு மனம் வந்தது?" என்று கத்தினேன். ஆறு பேரும் இல்லை என்றார்கள். "மடு மாதாவாணை, நான் சதைக்குள்ள ஒண்டும் போடயில்லை" என்று ரெஜினா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். "அப்ப ஏன் கீழ பாக்கிறாய்?" என்றேன். அப்போதும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஜெசீமாவின் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. சற்குணம் ஐயா கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பிலோமினா, இனிக் காணும்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ரெஜினா வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கள்ளி அகப்பட்டுவிட்டாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் கூட வந்தது. பின்னேரம் வீட்டுக்குப் போகும் வழியில், உடுப்பும் மாற்றாமல், நேரே அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

ரெஜினா முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பிக் கையை முந்தானையில் துடைத்து, "வாங்கோ அக்கா, இருங்கோ, தேத்தண்ணி ஊத்திறன்" என்றாள். சண்டைக்குப் போனவளுக்குத் தேத்தண்ணி. வேறு வழியில்லாமல் உள்ளே போய் இருந்தேன். யன்னல் கட்டையில் ஒரு செபமாலை, அதன் பக்கத்தில் வால் பக்கம் சுருட்டிச் சுருட்டி அரைவாசியாகிப்போன ஒரு சின்ன மருந்துக் குழாய். அதில் அச்சடித்திருந்த ஆங்கிலப் பெயர் ஒரு முழ நீளம். எனக்கு ஆங்கிலம் பெரிதாக வராது. ஆனால் அந்தக் கடிதத்தை ஒட்டியவள் நான். பத்து நாளாக அந்தச் சொல் என் முகத்துக்கு நேரே நின்றது. ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

"இது எங்கால உனக்கு?" என்றேன்.

ரெஜினா தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கத்தில் வைத்தாள். "நீங்கள் தந்ததுதானே, அக்கா."

அவள் சொன்னபிறகுதான் ஞாபகம் வந்தது. நாலைந்து மாதத்துக்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நகக்கண் வீங்கிச் சிவந்திருந்தது. என் மனிசனுக்குக் கண்ணில் ஒப்பரேசன் செய்தபோது கிளினிக்கில் தந்த மருந்தில் இரண்டு குழாய் மிஞ்சிக் கிடந்தது. "இதைப் பூசிப்போட்டுப் படு, விடிய வத்திடும்" என்று எடுத்துக் கொடுத்தேன். வாசலில் ரோச் லைற்றோடு நிற்கிற சுப்பவைசர் அல்ல அப்போது நான், அடுத்த வீட்டு அக்கா. கொடுத்ததை அன்றைக்கே மறந்தும் போனேன்.

"அது நல்லா வேலை செய்தது. பிறகு ஜெசீமாவுக்குக் குத்திச்சுது, அவவுக்குக் குடுத்தனான். பிறகு மேசையில எல்லாரும் பூசினவை. காயம் எண்டால் வீட்ட அனுப்பிப்போடுவீங்கள்தானே. இரவில பூசி, காலமை கழுவிப்போட்டு வந்தால் உங்கட லைற்றுக்கும் தெரியாது. கண்ணுக்கு விடுற மருந்துதானே, நகத்துக்குள்ள மிஞ்சி அது நண்டுக்குப் போகும் எண்டு ஆர் கண்டது?"

"அப்ப நான் கேட்கேக்க ஏன் சொல்லயில்லை?"

"நீங்கள் மருந்து எண்டு கத்தேக்கதான் எனக்கே விளங்கினது. சொன்னால் ஆர் தந்தது எண்டு கேட்பினம். உங்கட வேலை போயிடும், அக்கா. அதுதான் சொல்லாமல், வேலைக்கும் வராமல் நிண்டிட்டன்."

எண்பது பேருக்கு முன்னால் நான் கள்ளியாக்கிய ஒருத்தி, என்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கம் கெட்டு அவள் முன்னாலேயே அழுதேன். அவள் என்ன செய்வதென்று தெரியாமல் கருவாட்டுக் கையோடு என் முதுகைத் தடவினாள்.

ஒன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்: குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற அந்த இருபது அடிக்குள் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. குழாயை அடுப்பில் போட்டுவிட்டு, நாலாம் மேசைக்கு இரகசியமாகச் சொல்லிவிட்டால் மருந்து நின்றுவிடும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் காரணம் சொல்லாவிட்டால் பக்டரி மூடப்படும். சொன்னால் என் பெயர் போகும். இரண்டு வீடு தள்ளி ஒருத்தி எனக்காக ஏச்சு வாங்கிவிட்டுத் தேத்தண்ணியும் ஊற்றித் தந்திருக்கிறாள். எந்த முகத்தோடு அந்தக் குழாயை எரிப்பது?

விடிய முதல் பஸ்ஸில் போய் மனேச்சர் கந்தோரில் குழாயை வைத்து எல்லாம் சொன்னேன். அவர் வழக்கம்போலச் சும்மா நின்றார். முழுவதும் வந்தபிறகு "சரி" என்றார். பிறகு, "எனக்குச் சொன்னது காணாது, பிலோமினா. அண்டைக்கு ஏசினது எல்லாருக்கும் கேட்டது. இதுவும் எல்லாருக்கும் கேட்க வேணும். வாங்கோ, நானும் வாறன்" என்றார்.

ரெஜினாவையும் ஆள் விட்டுக் கூப்பிட்டோம். மேசைகளெல்லாம் நிரம்பியபின் நடுவில் போய் நின்றேன். எண்பது சோடிக் கண்கள். முகத்தில் மாஸ்க் போட்டிருப்பதால் கண் மட்டும்தான் தெரியும். அது இன்னும் மோசம். "மருந்து குடுத்தது நான். காயத்தை மறைக்கப் பண்ணினதும் நான் வைச்ச சட்டம். நாலாம் மேசை ஒரு பிழையும் செய்யயில்லை. ரெஜினா, எல்லாருக்கும் முன்னால ஏசினனான், எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேட்கிறன்" என்றேன். என் குரல் அன்றைக்குக் கடைசி மேசைக்கே போய்ச் சேர்ந்திராது. சற்குணம் ஐயா என் பக்கத்தில் வந்து நின்று, "அந்தச் சட்டத்தில கையெழுத்து என்ர. அதால பிழையில பாதி எனக்கு" என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இண்டைக்குக் கையில காயம், நோ உள்ள ஆக்கள் எத்தினை பேர்? ஒருத்தரையும் வீட்ட அனுப்பமாட்டன்."

முதலில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிறகு ஜெசீமா கையைத் தூக்கினாள். பிறகு இரண்டாம் மேசையில் இரண்டு பேர். பிறகு அங்கொன்று இங்கொன்று. எண்ணி முடித்தபோது பத்தொன்பது கைகள். வாரத்துக்கு ஒருத்தி என்று நான் மார்தட்டிய பக்டரியில் பத்தொன்பது.

அன்று மத்தியானம் முதலாளி தொலைபேசியில் வந்தார். காரணத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப ஆரை நிப்பாட்டினனீங்கள்?" என்றார். நான் பக்கத்தில் நின்று என் கணக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். "ஒரு சட்டத்தை நிப்பாட்டினனான், சேர்" என்றார் சற்குணம் ஐயா. அந்தப் பக்கம் எவ்வளவோ சத்தம் கேட்டது. இவர் பொறுமையாகக் காதை வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் ஓய்ந்தபின், "ஓம் சேர், எனக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன். நிப்பாட்டினா ரெண்டு பேரையும் நிப்பாட்டுங்கோ" என்றார். முதலாளி இருவரையும் நிறுத்தவில்லை. இத்தனை வருடமாக இந்த மனிதரில் எரிச்சல் பட்டதற்கு அன்றைக்குத்தான் எனக்கு வெட்கம் வந்தது.

புதுச் சட்டம் இப்படி வந்தது. காயமென்றால் கையைத் தூக்கு. பக்டரி மருந்துப் பெட்டியில் உள்ளதைத் தவிர வேறொன்றும் பூசாதே. அன்றைக்குச் சதையைத் தொடாமல் பெட்டி மடிக்கிற அறையில் வேலை, சம்பளம் அதே சம்பளம். யார், எந்த விரல், எப்படிக் குத்தியது என்று ஒரு கொப்பியில் எழுது. ஜெசீமா அதற்குக் காயப் புத்தகம் என்று பெயர் வைத்தாள்.

சட்டம் மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் நாலு நாளும் ஒரு கையும் எழும்பவில்லை. பெட்டி மடிக்கப் போனால் பெயரைக் குறித்து வைத்துப் பிறகு நிறுத்துவார்கள் என்று ஒரு கதை ஓடியது. என்னைப் பார்த்தால் கதை நின்றுவிடும். மன்னிப்புக் கேட்ட வாய்தானே முந்திக் கத்திய வாய், எப்படி நம்புவார்கள்? ஐந்தாம் நாள் ஒரு தட்டை நகர்த்தும்போது என் பெருவிரலில் முள் ஏறியது. நீலத் தொப்பிக்காரி சதையைத் தொடுவது அபூர்வம், உறையைப் போட்டுக்கொண்டு பேசாமல் நடந்திருக்கலாம். கையைத் தூக்கி, "எனக்குக் காயம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டி அறைக்குள் போனேன். அந்த அறைக்கு ஒரு கண்ணாடி யன்னல். வேலை முடியும்வரை எண்பது பேரும் பார்க்க, சுப்பவைசர் நிலத்தில் இருந்து பெட்டி மடித்தேன். என் பெட்டிகள் எல்லாம் கோணல். ஜெசீமா யன்னலுக்கு வெளியே வந்து நின்று, "அக்கா மடிக்கிற வடிவைப் பாத்தா, மருந்தால மூடாத பக்டரி பெட்டியால மூடும் போல இருக்கு" என்றாள். அன்றைக்குத்தான் பல வாரத்துக்குப் பிறகு அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுநாள் மூன்று கைகள் எழும்பின.

அதன்பிறகு போன சதையெல்லாம் சோதனையில் சுத்தம். ஆனால் வெளிநாட்டுக் கம்பனி சோதனையை மட்டும் நம்பவில்லை. ஆளை அனுப்பிப் பார்த்தபிறகுதான் வாங்குவோம் என்றார்கள். அதுவரை உள்ளூருக்கு மட்டும் உரித்தோம். கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. முந்திய காலமென்றால் அரைவாசிப் பேர் போயிருப்பார்கள். இரண்டு மாதம் அப்படி ஓடியது, ஒருத்திகூட வேலையை விடவில்லை. "வேற இடத்துக்குப் போனா எங்கட கைக்கு ஆர் புத்தகம் வைச்சிருக்கினம்?" என்று ஒருத்தி சொன்னாளாம். அதைக் கேட்டு நான் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

கடைசியில் ஆள் வந்தது. உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மா, மொழிபெயர்க்க ஒரு பொடியன், கூடவே கொழும்பு முதலாளி. அவர் முதல்நாள் மாலையே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தக் காயக் கொப்பியை எடுத்து வையுங்கோ. அதில தினம் ரெண்டு மூண்டு கிடக்கு. பாத்தால் என்ன நினைப்பினம்? நாளைக்கு ஒரு நாளைக்கு ஒரு காயமும் வேண்டாம்" என்றார். அவர் கெட்டவரில்லை, பயந்துபோனவர். நானும் பயந்துதான் இருந்தேன். கொப்பியை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். சற்குணம் ஐயா காலையில் வந்து அதை எடுத்துப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டுப் போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அம்மா எங்களோடு வரிசையில் நின்று கை கழுவினா. மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்து நாலாம் மேசைக்குப் பக்கத்தில் நின்றா. எல்லாம் நன்றாகப் போனது. அப்போதுதான் ரெஜினாவின் கை ஒரு நொடி நின்றதைக் கண்டேன். அவள் விரலை மற்றக் கைக்குள் பொத்தினாள். முள். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

எத்தனை வருடமானாலும் இதைச் சொல்ல வாய் கூசுகிறது. மாதாவே, இண்டைக்கு மட்டும் மறைக்கச் சொல்லு என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

ரெஜினா கையைத் தூக்கினாள்.

"அக்கா, காயம்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். அவள் தட்டிலிருந்த சதை முழுவதையும் ஜெசீமா எடுத்துக் கழிவு வாளியில் கொட்டினாள். பக்கத்திலிருந்தவள் நகர்ந்து இடத்தை நிரப்பினாள். மற்ற மேசைகளில் ஒருத்திகூடத் திரும்பவில்லை, உரித்துக்கொண்டே இருந்தார்கள். ரெஜினா போய் மருந்துப் பெட்டியைத் திறந்தாள், புத்தகத்தில் எழுதினாள், பெட்டி அறைக்குள் போனாள். முதலாளியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை.

வெள்ளைக்கார அம்மா நேரே புத்தகத்திடம் போனா. ஒவ்வொரு தாளாகப் புரட்டினா, பொடியன் பக்கத்தில் நின்று வாசித்துச் சொன்னான். வெகுநேரம். பிறகு அவ ஏதோ சொல்ல, பொடியன் எங்களுக்குச் சொன்னான்: "நண்டு உரிக்கிற இடங்கள் எத்தினையோ பாத்திட்டாவாம். எல்லா இடத்திலயும் காயக் கொப்பி வெறுங்கொப்பியாம். முள்ளோட வேலை செய்யிற இடத்தில காயமே இல்லை எண்டால் அங்க ஒருத்தரும் உண்மை சொல்லுறதில்லை எண்டுதான் அர்த்தமாம். இங்க மட்டும்தான் சொல்லுகினம் எண்டு சொல்லுறா." அன்று பின்னேரத்துக்குள் கையெழுத்து விழுந்தது. கிழமைக்கு ஆறு நாள் வேலை திரும்பவும் வந்தது. எண்பது பெண்களும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரே நேரத்தில் கதைத்த சத்தத்தில் என் குரலே எடுபடவில்லை.

நான் பெட்டி அறைக்கு ஓடினேன். ரெஜினா நிலத்தில் இருந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள், விரலில் வெள்ளைச் சுற்று. "கிடைச்சிட்டுதடி" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு அதற்குமேல் மனம் கேட்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, "நான் ஒண்டு சொல்லவேணும். நீ கை தூக்க முதல், தூக்கக்கூடாது எண்டு நான் மாதாவைக் கும்பிட்டனான்" என்றேன்.

"தெரியும், அக்கா" என்றாள் ரெஜினா, பெட்டியின் மூலையை மடித்தபடி. "உங்கட கண்ணைப் பாத்தனான். அதாலதான் இன்னும் கொஞ்சம் உயத்தித் தூக்கினனான்."